பின்வாசல் வழியாக வாருங்கள்: எண்பதுகளின் ராக் ஈ.பி.கள் பிறந்த அறைகள்

பார்த்து வாருங்கள், காலில் வயர் சிக்கும். முன்வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் நமக்கு இன்று வேலையே இல்லை. நாம் நுழைவது பின்வாசல் வழியாக. தட்டு கடைக்கு வரவில்லை, உறைக்குப் பசை காயவில்லை, பாட்டு இன்னும் கார் ஷெட்டிலும் பேஸ்மெண்டிலும் வியர்வை வாசத்தோடு கிடக்கிறது. அந்த நேரத்துக்குள்தான் எட்டிப் பார்க்கப்போகிறோம். எனக்கு இப்போதே கை பரபரக்கிறது!

பார்க்கப்போவது 1980-களின் அமெரிக்க ராக் ஈ.பி.கள். சிங்கிளைவிடப் பெரிது, ஆல்பத்தைவிடச் சிறிது. நாலைந்து பாட்டு, மிஞ்சினால் பத்து. எச்.எம்.வி. வெளியிட்ட சினிமாப் பாட்டு ஈ.பி.களைத் துடைத்துத் துடைத்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அளவு உடனே புரிந்துவிடும். ஆல்பம் போடக் கையில் காசில்லாத குழுக்களுக்கு அமெரிக்காவில் அன்று இருந்த வழி இது. நாள் கணக்கில் ஸ்டூடியோ எடுக்க முடியாது, தப்பாக வாசித்ததைப் பத்து முறை திருத்த முடியாது. அதனால் அந்த அறையின் இரைச்சலும் சிரிப்பும் அவசரமும் தட்டிலேயே தங்கிவிட்டன. இந்தக் குட்டித் தட்டுகளை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணமே அதுதான்.

நாம் போகும் அறைகளில் பல இன்று இல்லை. கூட இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன கதைகள், பேட்டிகள், உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சான விவரங்கள், இவைதான் நமக்கு அனுமதிச் சீட்டு. ஹெட்போனையும் மாட்டிக்கொள்ளுங்கள், மிச்சக் கதவுகள் அதில் திறக்கும்.

முதல் வீடு வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டனில். ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன். வீட்டின் பேஸ்மெண்டில் டான் சியென்டாரா என்பவர் இன்னர் இயர் என்ற பெயரில் ஸ்டூடியோ நடத்துகிறார். மேலே குடித்தனம், கீழே பள்ளிக்கூட வயதைத் தாண்டாத பையன்களின் கூச்சல். வருடம் 1980. குழுவின் பெயர் டீன் ஐடில்ஸ். கச்சேரிகளில் கிடைத்த சில்லறையை யாரும் தொடாமல் பொதுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குழு கலையப்போகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் சில நூறு டாலர் தேறுகிறது. நாலு பங்காகப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர்களோ, நாம் இருந்ததற்கு அடையாளமாக ஒரு தட்டு போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். இல்லாமல் போன ஒரு குழுவுக்காக ஒரு இசை நிறுவனமே பிறந்தது. அதுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்.

இப்போது அந்த மேசையைப் பாருங்கள்! கத்தரிக்கோல், பசை, காகிதச் சீவல்கள். உறை எப்படிச் செய்வதென்று யாருக்கும் தெரியாது. ஒரு சிங்கிள் தட்டின் உறையை எடுத்து ஒட்டுப் பிரித்து, தட்டையாக விரித்து, அதன் ஓரங்களைக் கோடு போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார்கள். அச்சாகி வந்த தாள்களை வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது எல்லாம் குழுவைச் சேர்ந்த இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களும்தான். முதல் பதிப்பு ஆயிரம் தட்டுகள். அதாவது ஆயிரம் முறை வெட்டி, ஆயிரம் முறை மடித்து, ஆயிரம் முறை ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஈ.பி.யின் பெயர் 'மைனர் டிஸ்டர்பன்ஸ்'. அட்டையில் குறுக்காக மடங்கிய இரண்டு கைகள், புறங்கையில் கறுப்பு மையில் பெருக்கல் குறி. கலிஃபோர்னியாவுக்கு வாசிக்கப் போனபோது, வயது வராத பையன்களுக்கு மது ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு கிளப்பில் போட்ட குறி அது. ஊர் திரும்பிய பையன்கள், எங்கள் கையிலும் இதைப் போட்டு உள்ளே விடுங்கள், குடிக்க மாட்டோம் என்று வாஷிங்டன் கிளப்புகளிடம் பேரம் பேசினார்கள். அந்த மைக்குறிதான் பிறகு போதையைத் தொடாத ஒரு தலைமுறை ரசிகர்களின் கொடியாயிற்று.

அதே தெருக்கூட்டத்தில் இன்னொரு பையன். ஜார்ஜ்டவுனில் ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் கடையில் மேனேஜர், பெயர் ஹென்றி கார்ஃபீல்ட். எஸ்.ஓ.ஏ. என்ற தன் குழுவின் 'நோ பாலிசி' ஈ.பி.க்கு ஐஸ்கிரீம் விற்ற சம்பளத்தில் தானே செலவு செய்தான். பத்துப் பாட்டு, எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட இல்லை. அந்தக் குரலில் அப்போதே எவ்வளவு கோபம்! ஹென்றி ரோலின்ஸ் என்று பின்னால் உலகம் அறிந்தவன் அவன்தான்.

மெக்காயும் நெல்சனும் அடுத்துத் தொடங்கிய மைனர் த்ரெட்டின் முதல் ஈ.பி. 1981-இல் வந்தது. எட்டுப் பாட்டு, அதுவும் பத்து நிமிடத்துக்குள். அட்டையில் மொட்டைத்தலையோடு ஒரு பையன் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறான். அது மெக்காயின் தம்பி அலெக். உள்ளே தட்டு முழுக்க இடி, வெளியே அட்டையில் தூக்கம். இதைவிட நல்ல அட்டைப்படம் அந்தப் பத்தாண்டில் வரவில்லை என்று நான் யாரோடும் வாதிடத் தயார்.

மேற்குக் கடற்கரைக்கு ஒரே தாவல். துறைமுக ஊரான சான் பெட்ரோவில் இரண்டு சிறுவர்கள் நண்பர்களான கதையை முதலில் கேளுங்கள். மைக் வாட் பூங்காவில் போய்க்கொண்டிருக்கிறான், மரத்திலிருந்து டி. பூன் அவன் முன்னால் பொத்தென்று குதிக்கிறான். அவ்வளவுதான், ஆயுள் நட்பு. இந்த இருவரும் டிரம்ஸ் வாசிக்கும் ஜார்ஜ் ஹர்லியும் சேர்ந்ததுதான் மினிட்மென். 'பாரனாய்ட் டைம்' என்ற முதல் ஈ.பி.யை 1980 ஜூலையில் ஒரே இரவில் பதிவு செய்து மிக்ஸிங்கையும் முடித்துவிட்டார்கள். ஏழு பாட்டு, ஏழு நிமிடத்துக்குள். முதலில் அச்சானது வெறும் 300 தட்டுகள். இவர்களின் சிக்கனம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ராத்திரி வாடகை குறைவென்று நள்ளிரவில்தான் ஸ்டூடியோவுக்குப் போவார்கள், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய டேப்பில் பதிவார்கள், தட்டில் வரப்போகிற வரிசையிலேயே பாடுவார்கள். வரிசை மாற்ற டேப்பை வெட்டி ஒட்டும் செலவும் மிச்சம்! 1985 டிசம்பரில் வேன் விபத்தில் பூன் போய்விட்டான். இந்த ஏழு நிமிடங்களில் அவன் கிடார் துள்ளுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மரமும் அந்தக் குதிப்பும் எனக்குக் கண்ணில் தெரிகின்றன.

இனி நிதானமாக ஒரு இடத்தில் உட்காரப் போகிறோம், எனக்கு மிகப் பிரியமான இடம். வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் நகரம், அமைதியான குடியிருப்பு. இந்த வீட்டு கார் ஷெட்டில் கார் இல்லை. அப்பா அம்மா வீட்டு கார் ஷெட்டை மிட்ச் ஈஸ்டர் ஸ்டூடியோவாக மாற்றி, டிரைவ்-இன் என்று பெயரும் வைத்திருக்கிறார். கார் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

1981 அக்டோபர். ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸிலிருந்து நாலு பையன்கள் வந்து இறங்குகிறார்கள். ஆர்.ஈ.எம். இன்னும் யாருக்கும் தெரியாத பெயர். கிடாரோடு நிற்கும் பீட்டர் பக், ஏதென்ஸில் வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். தனக்கென்று எடுத்து வைக்க நினைத்த தட்டுகளையே தேடிப் பிடித்து வாங்குகிற ஒரு கூச்ச சுபாவக்காரனோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார், அவன்தான் மைக்கேல் ஸ்டைப். இவர்கள் முதல் கச்சேரி செய்தது 1980 ஏப்ரலில், தாங்கள் குடியிருந்த பழைய தேவாலயத்திலேயே, ஒரு பிறந்தநாள் விருந்தில்.

இந்தக் கார் ஷெட்டில் என்ன நடக்கிறது பாருங்கள். ஈஸ்டருக்கும் விளையாட்டுப் புத்தி, இவர்களுக்கும் விளையாட்டுப் புத்தி. டேப்பைத் துண்டு போட்டு வளையமாக்கிச் சுழல விடுகிறார்கள், தலைகீழாக ஓட விடுகிறார்கள். அந்த விளையாட்டெல்லாம் தட்டில் அப்படியே இருக்கிறது. 'கார்னிவல் ஆஃப் சார்ட்ஸ்' தொடங்கும்போது ஏதோ திருவிழா ராட்டினத்தின் பழைய இசை தூரத்திலிருந்து மிதந்து வரும், அதன் மேல் கிடார் வந்து விழும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். 'ஸ்டம்பிள்' பாட்டின் வாசலில் ஸ்டைப் சிரிக்கிற சத்தம் கேட்கும். பெரிய நிறுவனத்தின் ஸ்டூடியோவில் யாராவது அதைத் துடைத்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இங்கே அது பாட்டின் ஓர் உறுப்பு. 'கார்டனிங் அட் நைட்' என்ற தலைப்பு எப்படி வந்தது என்று கேட்டால், நீண்ட இரவுப் பயணத்தில் சாலையோரமாக வண்டியை நிறுத்தி இறங்கியவர்கள் அந்த அவசர வேலைக்கு வைத்த செல்லப்பெயர் என்று ஒரு கதை உண்டு. அவ்வளவு அழகான பாட்டுக்கு அப்படி ஒரு பிறப்பு!

ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று முழுவதும் புரியாது. அமெரிக்கர்களுக்கே புரியவில்லை, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? வாயிலிருந்து வருவது சொல்லா முனகலா என்று பிரிக்க முடியாத அந்த மயக்கத்தில்தான் 'க்ரானிக் டவுன்' என்ற இந்த ஈ.பி. முழுக்க ஓடுகிறது. ஐ.ஆர்.எஸ். நிறுவனம் ஒப்பந்தம் போட்ட பிறகு ஒரு பாட்டை எடுத்துவிட்டு 'உல்வ்ஸ், லோயர்' என்ற பாட்டைச் சேர்க்கச் சொன்னது. முதலில் பதிந்தபோது ஓட்டமாக ஓடிய பாட்டை, வேகத்தைக் குறைத்து மறுபடி பதிந்தார்கள். 1982 ஆகஸ்ட் 24 அன்று தட்டு வெளிவந்தது. அட்டையில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கல் பூதம், நீல வெளிச்சத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும். தட்டில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று கிடையாது. ஒரு பக்கத்தின் பெயர் 'க்ரானிக் டவுன்', மறுபக்கத்தின் பெயர் 'போஸ்டர் டோர்ன்'. அந்தப் பத்தாண்டின் ஈ.பி.களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். பின்னால் அவர்கள் பெரிய அரங்குகளை நிரப்பினார்கள், நானும் அவற்றையெல்லாம் ரசித்தேன். இருந்தாலும் இந்த ஐந்து பாட்டுக்கு உள்ள மாயம் வேறு.

பாஸ்டனில் ஒரு நிமிடம் நிற்போம். மிஷன் ஆஃப் பர்மா மேடையில் மூன்று பேர்தான் தெரிவார்கள். ஆனால் அரங்கில் நாலாவதாக ஏதோ ஒன்று உறுமுகிறதே, யார் அது? கூட்டத்துக்குப் பின்னால், மிக்ஸருக்குப் பக்கத்தில் பாருங்கள். அங்கே மார்ட்டின் ஸ்வோப், மேடையில் வாசிப்பதை அப்படியே டேப்பில் பிடித்து, முறுக்கித் திருப்பி மறுபடி அரங்குக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் குழுவில் ஒருவர், மேடையில்தான் ஏறுவதில்லை. 1981-இல் வந்த இவர்களின் 'சிக்னல்ஸ், கால்ஸ், அண்ட் மார்ச்சஸ்' ஈ.பி.க்குள் ஒரு பாடல் வரித் தாள் இருக்கும். ஆசையாக எடுத்துப் பிரித்தால், தட்டில் வரும் சொற்கள் எல்லாம் அகராதியைப் போல அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும்! வரிகளை நீங்களே கோத்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்தக் குறும்பு தாங்கவில்லை.

நியூயார்க்கில் லிஃப்ட் ஏறுங்கள். கீழே ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், நடனப் பெண்கள் வரிசையாகக் காலைத் தூக்கி ஆடும் புகழ்பெற்ற அரங்கம். அதே கட்டடத்தின் மேல் மாடியில் பிளாசா சவுண்ட் ஸ்டூடியோ. 1981 டிசம்பரில் அங்கே சோனிக் யூத் தங்கள் முதல் ஈ.பி.யைப் பதிகிறார்கள். டிரம்ஸில் இருப்பவர் ரிச்சர்ட் எட்சன். 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படம் பார்த்தவர்களுக்கு முகம் தெரியும். அந்தச் சிவப்பு ஃபெராரி காரை நிறுத்தித் தருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறாரே, அவரேதான்!

மின்னியாபொலிஸுக்குப் போகலாம். இங்கே கொஞ்சம் நேரம் ஆகும், ஏனென்றால் கையில் ஆளுக்கொரு ரப்பர் ஸ்டாம்ப் கொடுக்கப் போகிறார்கள்.

ரிப்ளேஸ்மென்ட்ஸ். பாடி கிடார் வாசிப்பவர் பால் வெஸ்டர்பெர்க், இன்னொரு கிடார் பாப் ஸ்டின்சன், டிரம்ஸ் கிறிஸ் மார்ஸ், பேஸ் கிடாரில் பாபின் தம்பி டாமி. டாமிக்கு அப்போது வயது 15! தெருவில் சுற்றிக் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அண்ணன் தம்பியின் கையில் பேஸைத் திணித்திருக்கிறான். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இவர்களுக்கு மேனேஜராகவும் இருந்தவர் பீட்டர் ஜெஸ்பர்சன், ட்வின்/டோன் இசை நிறுவனத்திலும் பங்காளி. 1982 தொடக்கத்தில் வெஸ்டர்பெர்க் 'கிட்ஸ் டோண்ட் ஃபாலோ' என்று ஒரு பாட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியதும் ஜெஸ்பர்சனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை உடனே வெளியிட்டாக வேண்டும் என்று பங்காளிகளின் காலைச் சுற்றினார். வேண்டுமானால் உறைக்கு நானே கையால் முத்திரை குத்துகிறேன் என்று வாயும் விட்டுவிட்டார். பங்காளிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சரி, வெள்ளை உறை வாங்கித் தருகிறோம், குத்து!

பத்தாயிரம் வெள்ளை உறைகள்!

ஜெஸ்பர்சன் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ உறவுக்காரர்களெல்லாம் கூடுகிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கலகலப்பும் அந்தக் கைவலியும் இங்கேயும் உண்டு. மை தீற்றியது, சாய்ந்தது, பாதி விழுந்தது எல்லாம் அப்படியே கடைக்குப் போயின. அதனால் 'ஸ்டிங்க்' ஈ.பி.யின் முதல் பதிப்பில் ஓர் உறையைப் போல இன்னோர் உறை இருக்காது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய மணிக்கட்டு இருக்கிறது.

பாட்டுகளை 1982 மார்ச்சில் பிளாக்பெர்ரி வே ஸ்டூடியோவில் மின்னல் வேகத்தில் முடித்தார்கள். தட்டின் தொடக்கத்தில் பாட்டு வராது, போலீஸ்தான் வரும். ஊரின் நடுவே ஹார்மனி பில்டிங்கில் வாடகைக்குக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி நடந்தது. போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்ததை டெர்ரி காட்ஸ்மன் என்பவர் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அதிகாரி நிதானமான குரலில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்கிறார், கூட்டத்திலிருந்து ஒரு குரல் அவரைத் திட்டுகிறது, அந்த நொடியில் கிடார் வெடிக்கிறது. திட்டிய அந்தக் குரல் பின்னால் சோல் அசைலம் குழுவில் பாடிப் புகழ்பெற்ற டேவ் பர்னருடையது என்று ஊரே நம்புகிறது. வெஸ்டர்பெர்க் இதைவிட ஆழமான பாட்டுகளைப் பின்னால் எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் இருபது நொடியில் இப்படிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்த தட்டு எனக்கு வேறில்லை.

சிகாகோ பக்கம் எவன்ஸ்டன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பத்திரிகையியல் படிக்கும் ஒல்லிப் பையன் ஸ்டீவ் அல்பினி தன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கூட வாசிக்க மனசுக்குப் பிடித்த ஆள் கிடைக்கவில்லை. நாலு டிராக் பதிவு எந்திரத்தை ஒரு நண்பனிடம் இரவல் வாங்கியாயிற்று. வாடகை ஒரு பெட்டி பீர். டிரம்ஸுக்கு ஆள் வேண்டுமே? ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின் ஒன்று இருக்கிறது, அதையே குழுவில் சேர்த்து 'ரோலண்ட்' என்று அட்டையில் பெயரும் போட்டாயிற்று. கிடார், பேஸ், குரல் எல்லாம் அல்பினி. பிக் பிளாக் என்ற குழுவின் 'லங்ஸ்' ஈ.பி. 1982-இல் இப்படித்தான் வந்தது. 1,500 தட்டுகள். ஒவ்வோர் உறைக்குள்ளும் கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டு அனுப்பினார்கள்: டாலர் நோட்டு, புரூஸ் லீ படம் போட்ட அட்டை, பழைய கச்சேரி டிக்கெட், தூண்டில் முள். தட்டு வாங்கிப் பிரித்தவர் கையில் டாலர் வந்திருக்கலாம், முள்ளும் குத்தியிருக்கலாம்! அல்பினிக்கே பின்னாளில் இந்த ஈ.பி. பிடிக்காமல் போயிற்று. எனக்கு அந்தத் தனிமையும் பிடிவாதமும் பிடித்திருக்கிறது. நூற்றுக்கணக்கான குழுக்களின் ஒலியைச் செதுக்கிக் கொடுத்து 2024-இல் மறைந்த ஒரு மாபெரும் கலைஞரின் முதல் பாடமல்லவா இது.

லாஸ் ஏஞ்சல்ஸ், 1986. இந்த அறைக்குள் நுழைந்ததும் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் முதல் ஈ.பி. தயாராகிக்கொண்டிருக்கிறது. 'லைவ்' என்று தலைப்பிலேயே இருக்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, விசில் பறக்கிறது. கூட்டம் எங்கே? சுற்றிப் பாருங்கள், ஸ்டூடியோவில் ஒரு ஈ காக்கை இல்லை! நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்ய ஆகும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பாட்டுகளை ஸ்டூடியோவிலேயே வாசித்துவிட்டு, 1978-இல் டெக்சாஸில் நடந்த டெக்சஸ் ஜாம் என்ற பெரிய இசைவிழாவின் கூட்ட இரைச்சலை எடுத்து மேலே ஒட்டிவிட்டார்கள். தங்களைக் கேள்விப்பட்டே இராத பல்லாயிரம் பேரின் கைதட்டலை வாங்கிக்கொண்ட குழு இது. இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஈ.பி.யின் நாலு பாட்டில் ஒன்று ஏரோஸ்மித் பாட்டு. 1978 விழாவில் வாசித்த குழுக்களில் ஏரோஸ்மித்தும் ஒன்று. ஆக, ஏரோஸ்மித்துக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே கூட்டம் எட்டு வருடம் கழித்து இந்த ஐந்து பையன்கள் வாசிக்கும் ஏரோஸ்மித் பாட்டுக்கும் கத்துகிறது! பத்தாயிரம் தட்டுகள் அச்சாயின. அடுத்த வருடமே அவர்களுக்கு நிஜக் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

மறுபடி பாஸ்டன், ராக்ஸ்பரி பகுதி, ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டூடியோ, 1987 மார்ச். உள்ளே பிக்ஸீஸ். பாடுகிற சார்ல்ஸ் தாம்ப்சனின் அப்பாவிடம் கடன் வாங்கிய ஆயிரம் டாலர், மூன்று நாள், 17 பாட்டு. பேஸ் வாசிக்கும் கிம் டீல் எப்படி வந்து சேர்ந்தார் தெரியுமா? பேஸ் வாசிக்க ஆள் தேவை, ஹஸ்கர் டூவும் பீட்டர், பால் அண்ட் மேரியும் ஒருசேரப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஒன்று காது கிழிக்கும் இரைச்சல், மற்றது அடக்க ஒடுக்கமான நாட்டுப்புற இசை. இரண்டும் பிடித்த ஆள் ஊரில் ஒருவர்தான் வந்தார். அவரிடம் சொந்தமாக பேஸ் கிடார்கூட இல்லை, சகோதரி கெல்லியின் கிடாரைத்தான் வாங்கி வந்தார். தட்டின் அட்டையில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'மிஸஸ் ஜான் மர்ஃபி' என்று கணவர் பெயரால் ஒருவர் இருப்பார், அவர்தான்.

அந்த 17 பாட்டும் ஊதா நிற அட்டை போட்ட கேசட்டில் ஏறின. கேசட் கடல் தாண்டி லண்டனில் 4ஏடி நிறுவனத்தின் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் கைக்குப் போனது. அவர் தயங்கினார். கூடவே இருந்த தோழி விடாமல் வற்புறுத்தியதும் சம்மதித்தார். எட்டுப் பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்து 'கம் ஆன் பில்கிரிம்' என்று அதே ஆண்டு வெளியிட்டார்கள். பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ், நடுநடுவே ஒரு வீறிடல். மூன்று நாளில் செய்தது என்று சொல்லாவிட்டாலும் தெரியும். மூச்சு வாங்கும் சத்தம் அதில் இருக்கிறது.

கடைசி அறை. வாங்க, வாங்க, இங்கே வேலை ஆள் தேவைப்படுகிறது. சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் எல் செரிட்டோ, டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் வீட்டு கார் ஷெட், 1987. மெட்டாலிகா அதற்குள் மூன்று ஆல்பம் போட்ட பெரிய குழு. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து பேஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவர் ஜேசன் நியூஸ்டட். போதாக்குறைக்கு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஸ்கேட்போர்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அப்படி எல்லாம் குலைந்து கிடந்த நேரத்தில், பளபளப்பான ஒத்திகைக்கூடம் எதுவும் வேண்டாம் என்று இந்தக் கார் ஷெட்டுக்குள் நுழைந்து, சத்தம் வெளியே போகாமல் அடைத்து, தங்களுக்குச் சின்ன வயதில் பிடித்த குழுக்களின் பாட்டுகளை வாசிக்கத் தொடங்கினார்கள். டயமண்ட் ஹெட், பட்ஜி, கில்லிங் ஜோக், மிஸ்ஃபிட்ஸ். துக்கத்தில் இருந்த நாலு பேர் மறுபடி பையன்களாக மாறுகிறார்கள். இந்த உலாவில் என் மனசு மிகவும் இளகும் இடம் இதுதான்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறே நாளில் பதிவு. தட்டின் பெயரைக் கேளுங்கள்: 'தி 5.98 டாலர் ஈ.பி.: கராஜ் டேஸ் ரீ-ரீவிசிட்டட்'. விலையே பெயருக்குள்! ரசிகனிடம் கடைக்காரர் ஒரு காசு கூடுதலாக வாங்கிவிடக் கூடாது என்ற அக்கறை. தயாரிப்பாளர் பெயர் போடும் இடத்தில், மெட்டாலிகா இதைப் பெரிதாக ஒன்றும் தயாரித்துவிடவில்லை என்ற பொருளில் ஒரு வரி. புது ஆள் நியூஸ்டட்டுக்கு அட்டையில் கொடுத்த பெயர் 'மாஸ்டர் ஜே. நியூகிட்'. வந்த புதிதில் அவரை மற்ற மூவரும் கொஞ்சமாகவா சீண்டினார்கள்! பிரிட்டனில் சிங்கிள் தரவரிசைக்கான நேரக் கணக்கில் அடங்க வேண்டும் என்பதற்காக, அங்கே மட்டும் கில்லிங் ஜோக் பாட்டைக் கழற்றிவிட்டு வெளியிட்டார்கள்.

1987 ஆகஸ்ட் 21 அன்று தட்டு கடைக்கு வந்தது, மறுநாளே இங்கிலாந்தில் டோனிங்டன் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா மேடையில் ஏறினார்கள். ஆனால் நீங்கள் இன்னும் ஹெட்போனைக் கழற்றாதீர்கள். மிஸ்ஃபிட்ஸ் பாட்டு முடிந்ததும் டேப் நிற்காது. அயர்ன் மெய்டனின் 'ரன் டு தி ஹில்ஸ்' தொடக்கத்தை, சுருதி சேராமல், வேண்டுமென்றே அலங்கோலமாக வாசிப்பார்கள். கேட்கிற நானும் ஒவ்வொரு முறையும் அவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறேன்.